சேலத்து ஞாயிற்றுக்கிழமைக் கறி: பிராய்லரா, நாட்டுக்கோழியா, ஆடா, முட்டையா?

ஒரு கிலோ நாட்டுக்கோழிக் கறி வாங்கும் காசில் சேலத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோ பிராய்லர் கறி வாங்கிவிடலாம். ஆட்டுக்கறி என்றால் அரைக் கிலோதான் தேறும். முட்டை என்றால் இரண்டு தட்டு வாங்கிய பிறகும் பையில் சில்லறை மிச்சமிருக்கும். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். புரட்டாசியில் கோழிக் கடைக்காரர் ஈ ஓட்டுவார், ஐப்பசி பிறந்ததும் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் இந்த நான்குக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே கேள்வி இதுதான்: வீட்டில் கறிக்கென்று ஒதுக்கும் பணம் ஒரே அளவு என்றால், உடம்புக்கு அதிகம் கொடுப்பது எது?

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கோழிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நாக்குக்கான செலவு, சத்துக்கான செலவு அல்ல. நாக்குக்குச் செலவு செய்வது தவறில்லை. அதை மருத்துவச் செலவு என்ற கணக்கில் எழுதுவதுதான் தவறு.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர் வீட்டிலும் அழகாபுரத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலும் சோறு, சாம்பார், தயிரிலிருந்தே இதில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. விளம்பரங்கள் பயமுறுத்தும் அளவுக்குப் பள்ளம் பெரிதில்லை. ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அதை ஓரளவு ஈடுகட்டும், கோழியும் முட்டையும் நன்றாகவே ஈடுகட்டும். சோற்றோடு கொஞ்சம் கறி சேர்ந்தால் அந்தச் சோற்றின் புரதமும் உடம்புக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

கோழிக்கறியின் கணக்குக்கு வருவோம். தோல் நீக்கிய பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் 22 கிராம், கொழுப்பு இரண்டரை கிராம், மொத்தம் 120 கலோரி. தொடைக்கறியில் புரதம் 19 முதல் 20 கிராம், கொழுப்பு 4 கிராம். நெஞ்சுக்கும் தொடைக்கும் இடையே ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் வளர்த்து வைத்திருக்கும் பகை, இந்த ஒன்றரை கிராம் கொழுப்புக்காகத்தான். தோலோடு சேர்த்த முழுக்கோழியை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது: கொழுப்பு 15 கிராம், கலோரி 215. அதாவது கோழியின் கொழுப்பில் பெரும்பங்கு தோலிலும் தோலுக்கு அடியிலும் இருக்கிறது. ‘நூறு கிராமில் 31 கிராம் புரதம்’ என்று சிலர் சொல்வதும் பொய்யல்ல. அது வெந்த கறியின் கணக்கு. வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறைவதால் புரதம் கூடியதுபோலத் தெரிகிறது. கடைக்காரர் தராசில் வைப்பது பச்சைக்கறி என்பதை மறக்க வேண்டாம்.

நெஞ்சுக்கறியில் நயாசின், பி6 ஆகிய வைட்டமின்கள் தாராளம். 100 கிராமில் கிடைக்கும் நயாசின் ஒரு நாள் தேவையில் பாதியைத் தாண்டிவிடும். செலினியமும் உண்டு. இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை, கால்சியம் பெயருக்குத்தான், நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் இல்லவே இல்லை. ‘கோழி சாப்பிட்டால் இரத்தம் ஊறும்’ என்று நெஞ்சுக்கறியைத் தேடி வாங்குபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

நாட்டுக்கோழி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்

பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுக் கடைக்கு வந்துவிடுகிறது. நாட்டுக்கோழிக்கு ஐந்து மாதம், ஆறு மாதம் ஆகும். இந்த வயது வித்தியாசம்தான் சுவையின் இரகசியம். ஓடி மேய்ந்த கால்களின் தசையில் நிறமும் மணமும் கூடுகின்றன. தசைகளைக் கட்டும் இணைப்புத் திசு முற்றுவதால் கறி பல்லுக்கு வேலை வைக்கிறது, குழம்புக்கு அடர்த்தி கொடுக்கிறது. வெடைக்கோழி என்றால் மென்மை, வயதான சேவல் என்றால் குக்கர்தான் கதி.

ஆனால் புரதம்? தோலை நீக்கி எடைக்கு எடை வைத்தால் இரண்டும் 20 முதல் 22 கிராமுக்குள்தான் நிற்கும். கொழுப்பு நாட்டுக்கோழியில் குறைவு, இது உண்மை. புழு பூச்சியும் பச்சிலையும் தின்று வளர்ந்ததன் கொழுப்புக்கும், மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் தின்று வளர்ந்ததன் கொழுப்புக்கும் தன்மையில் சிறிய வேறுபாடு இருக்கும். பிராய்லரின் தோலை உரித்துவிட்டால் வேறுபாடு காட்டுவதற்கே கொழுப்பு மிச்சமிருக்காது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊரில் பிராய்லரைத் தோல் உரித்துக் கேட்கிறோம், நாட்டுக்கோழியைத் தோலோடு வாங்குகிறோம். இறகு பறித்த கோழியை நெருப்பில் திருப்பித் திருப்பி வாட்டி, முள்முடி கருகும் வாசனை வந்ததும் மஞ்சள் பூசித் தேய்த்துக் கழுவி, தோல் பொன்னிறமாக மின்ன வெட்டித் தருவார்கள். அந்தத் தோலில்லாமல் நாட்டுக்கோழிக் குழம்பே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பிராய்லர்தான் கொழுப்பு’ என்ற வாதம் அந்த வெட்டுக்கட்டையிலேயே பாதி செத்துவிடுகிறது.

ஹார்மோன் ஊசி என்ற பேச்சு சேலத்துத் திருமண வீட்டுப் பந்தியில்கூட வந்துவிடும். பிராய்லர் சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் செய்த இனப்பெருக்கமும், கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தீவனமும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஆயிரக்கணக்கான கோழிகளை நாள்தோறும் பிடித்து ஊசி போட்டால் பண்ணைக்காரருக்கு இலாபம் ஏது? பண்ணைகளில் கோழிகளுக்குக் கொடுப்பது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. அதுவும் பெரும்பாலும் கண்ணில் சொட்டாகவும் குடிநீரிலும்தான்.

கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக். நோய் வராமலிருக்கவும் எடை ஏறவும் மனிதருக்கான மருந்துகளைப் பண்ணைகளில் தாராளமாகப் பயன்படுத்தியது உண்மைதான். கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது. மருந்து கொடுத்தபின் குறிப்பிட்ட நாள்கள் கழித்தே கோழியை விற்க வேண்டும் என்ற முறையும் உண்டு. அதை எல்லாப் பண்ணைகளும் கடைப்பிடிக்கின்றனவா என்பதைக் கறியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காக வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழியைத் தேடுபவரோடு நான் சண்டை போட மாட்டேன்.

ஆனால் சந்தையில் ‘நாட்டுக்கோழி’ என்று சொல்லி விற்பதெல்லாம் கொல்லையில் மேய்ந்தது அல்ல. கொட்டகையில் தீவனம் போட்டு மூன்று மாதத்தில் எடை ஏற்றிய கலப்பினங்களும் அந்தப் பெயரில்தான் வருகின்றன. அவற்றுக்கும் தடுப்பு மருந்து உண்டு, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் உண்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் காபிச் செடிகளுக்கு ஊடே கிளறித் தின்று, இரவில் கூடையில் அடையும் கோழி வேறு. அதை வளர்த்தவரிடமே நேரில் வாங்கினால் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது. கடையில் கூண்டுக்குள் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் இருபது நிற்கிறதென்றால் அவை ஒரே கொட்டகையிலிருந்து வந்தவை என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

எடையிலும் கவனம் வேண்டும். நாட்டுக்கோழியை உயிர் எடைக்கு விற்பது வழக்கம். இறகு, இரத்தம், குடல், தலை போனால் கிலோவுக்கு எழுநூறு கிராம் வந்தால் நல்லது. பிராய்லர் பலகையில் கறிக்கு ஒரு விலை, உயிர்க்கோழிக்கு ஒரு விலை என இரண்டு எழுதியிருக்கும். கறி விலையையும் உயிர் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டு நாட்டுக்கோழி ‘அவ்வளவொன்றும் அதிகமில்லை’ என்று நினைத்துவிடக் கூடாது.

கருங்கோழி எனப்படும் கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் இனம். 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. கறுப்புக் கறிக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. விலைக்கு ஏற்ற மாயம் எதுவும் அதில் இல்லை. காடை சுவையானது, எலும்பு அதிகம், அவ்வளவுதான்.

முட்டையிட்டு ஓய்ந்த கோழி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாமக்கல் பக்கத்திலிருக்கும் நமக்கு அது மலிவாகக் கிடைக்கும். ஒன்றரை வயதுக்கு மேல் ஆனதால் கறி கடினம், கொழுப்பும் கூட. ஆனால் புரதத்தில் குறைவில்லை. குக்கரும் பொறுமையும் இருக்கும் வீட்டுக்கு அது நல்ல பேரம். அதையே நாட்டுக்கோழி விலைக்கு வாங்கினால்தான் ஏமாற்றம்.

இரும்புக்கு எங்கே போவது

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது 2020 பரிந்துரை. ஆகவே புரதத்தைவிட இரும்புதான் பல வீடுகளில் உண்மையான பற்றாக்குறை. கோழி நெஞ்சால் இதற்கு உதவ முடியாது. ஆனால் அதே கோழியின் ஈரலில் 100 கிராமுக்கு 9 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பி12 நாள் தேவையைப் பல மடங்கு தாண்டும், ஃபோலேட்டும் நாள் தேவையைத் தாண்டிவிடும். இறைச்சியிலுள்ள இரும்பைக் கீரையிலுள்ள இரும்பைவிட உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. அதோடு, தட்டில் கறி இருந்தால் கீரையின் இரும்பும் சற்று அதிகமாக உள்ளே போகிறது. முருங்கைக்கீரைப் பொரியலையும் ஈரல் வறுவலையும் ஒரே வேளையில் வைப்பது வெறும் ருசிக்காக மட்டுமல்ல.

ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். 100 கிராமிலேயே 3,000 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது பெரியவர்களுக்கான ஒரு நாள் உச்ச வரம்பைத் தாண்டிவிடும். வாரம் ஒருமுறை ஐம்பது கிராம் என்றால் பயமில்லை. கருவுற்றிருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஈரலில் இறங்க வேண்டாம். யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

ஆட்டுக்கறி வாதாட வேண்டிய இடமும் இதுதான். புரதத்தில் அது கோழியை வெல்லவில்லை, 20 கிராம்தான். ஆனால் இரும்பு, துத்தநாகம், பி12 மூன்றிலும் கோழி நெஞ்சைவிடப் பல மடங்கு முன்னால் நிற்கிறது. நம் மாவட்டத்து ஊரின் பெயரைக் கொண்ட மேச்சேரி செம்மறி கறிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இனம். கம்பளி உரோமம் இல்லாத, செம்பழுப்பு நிற ஆடு. மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர் பக்கம் சாலையோரம் மந்தையாகப் பார்க்கலாம். விலையைப் பார்த்தால் வாரந்தோறும் வாங்குவது எல்லோருக்கும் முடியாது, நிறைவுற்ற கொழுப்பும் கோழியைவிட அதிகம். ஆட்டில் காசுக்கு மதிப்பான பகுதி சுவரொட்டி. மண்ணீரலைத்தான் கறிக்கடையில் அப்படிச் சொல்வார்கள். 100 கிராமில் 40 மில்லிகிராமைத் தொடும் இரும்பு. பிரசவித்த பெண்ணுக்குச் சுவரொட்டி சுட்டுக்கொடுத்த பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

மீனை விரைவாகக் கடந்துவிடலாம். மேட்டூர் அணை மீனில் ஜிலேபியும் கட்லாவும் ரோகுவும் புரதத்தில் கோழிக்கு நெருக்கமானவை, கொழுப்புக் குறைவானவை, பி12 கோழியைவிட அதிகம். ஒமேகா-3 கொழுப்பு வேண்டுமென்றால் கடல் மத்தியைத் தேட வேண்டும். அது சேலத்துக்கு ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வருகிறது என்பதை வாங்கும்போது கண்ணும் செவுளும் சொல்லிவிடும்.

முட்டையோடு போட்டி போட முடியுமா

முடியாது என்பதே என் முடிவு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரி. நான்கு முட்டை என்றால் 100 கிராம் நெஞ்சுக்கறியின் புரதம் வந்துவிட்டது. கூடவே கோழி நெஞ்சில் குறைவாக இருக்கும் பி12, வைட்டமின் ஏ, வைட்டமின் டி, கோலின் என்ற சத்து எல்லாம் மஞ்சள்கருவில் இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. உடல்நலம் உள்ளவருக்கு நாளுக்கு ஒன்று பெரிய விஷயமில்லை. சர்க்கரை நோயோ இதயநோயோ உள்ளவர்கள் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள்கருவைக் குப்பையில் போடும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். சத்துணவு மையத் தட்டுகளுக்கும் அயல்நாடுகளுக்கும் போகும் முட்டை நமக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இடப்படுகிறது. புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் இந்த வசதி எல்லா ஊருக்கும் இல்லை. ‘நாட்டுக்கோழி முட்டை’ என்று இரண்டு மடங்குக்கு மேல் விலை கேட்டால், பழுப்பு ஓடு என்பது கோழி இனத்தின் அடையாளம், சத்தின் அடையாளம் அல்ல என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது பாதி, சமைப்பது மீதி

பிராய்லர், நாட்டுக்கோழி என்ற சண்டையைவிட முக்கியமானது அடுப்பில் நடக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதாவது 100 கிராம் நெஞ்சுக்கறியின் மொத்தக் கலோரி. பள்ளிபாளையம் சிக்கன் நம் பக்கத்துப் பெருமை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, பொடி வகைகள் இல்லாத எளிமை. எண்ணெயை அளந்து ஊற்றினால் வீட்டில் செய்ய இதைவிட நல்ல கோழி உணவு குறைவு. ஓட்டலில் அது எண்ணெயில் மிதந்து வரும்போது, தோல் நீக்கி வாங்கியதன் பலன் முழுவதும் போய்விடுகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த சிக்கன் 65-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் கோழி ஒரு சாக்குதான்.

களியும் கோழிக்குழம்பும் சேர்ந்தது இந்தப் பக்கத்து நல்ல கூட்டணி. கோழியில் இல்லாத கால்சியமும் நார்ச்சத்தும் கேழ்வரகில் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிய கால்சியம். களி உருண்டையில் குழி செய்து குழம்பு ஊற்றி விழுங்குபவருக்கு, பிரியாணியும் 65-உம் சாப்பிடுபவரைவிடத் தட்டு நிறைவாகவே இருக்கிறது. கோழி பிராய்லராக இருந்தாலும் இது பொருந்தும்.

மலைமேல் சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் சட்டியில் ஒரு மணி நேரத்தில் வேகும் நாட்டுக்கோழி, இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி மேலே போனால் முரண்டு பிடிக்கும். கிருமிகள் சாவதற்கு அந்தச் சூடு தாராளம், கறி மெத்தென்று ஆவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. குக்கர் எடுத்துப் போங்கள். சாப்பிட்ட கையோடு தோட்டத்துக் காபி குடிக்கும் ஆசை வரும். காபியிலுள்ள பொருள்கள் கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடம்பு ஏற்காமல் தடுக்கும். கறியின் இரும்புக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

சூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்தவருக்கு நாட்டுக்கோழி சூப்பைக் கொடுத்துவிட்டு, சக்கை என்று சொல்லிக் கறியை ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சூப்பில் இறங்குவது உப்பு, மணம், கொஞ்சம் ஜெலட்டின். தண்ணீரும் உப்பும் சூடும் நோயாளிக்கு இதம்தான், பசியையும் தூண்டும். ஆனால் தசைப் புரதத்தில் பெரும்பகுதி அந்தச் ‘சக்கை’யில்தான் தங்கியிருக்கிறது. அதைப் பிய்த்து மசித்துச் சோற்றில் கலந்து கொடுத்தால்தான் தேறுவார்.

பச்சைக்கறியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் தெறிக்கக் கழுவுவது கிருமியைச் சமையலறை முழுவதும் விதைக்கும் வேலை. மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் அகலமான பாத்திரத்தில் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் சாய்த்து, கையையும் அரிவாள்மனையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்புச் சாறு வரக் கூடாது.

யாருக்கு எது

நான்கு பேர் உள்ள சாதாரண வீடு என்றால் என் பட்டியல் இப்படி இருக்கும்: வாரத்தின் பெரும்பாலான நாள்களுக்கு முட்டை, ஞாயிறு தோல் நீக்கிய பிராய்லர் அல்லது மீன், மாதத்தில் இரண்டு முறை ஈரல், பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் நாட்டுக்கோழி. ஆட்டுக்கறி கையிருப்பைப் பொறுத்தது. வளரும் பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி பிடிக்கும், கொடுக்கலாம். துத்தநாகம் அதில்தான் கூடுதல். பல் ஆடும் தாத்தாவுக்கு நாட்டுக்கோழியை மரியாதைக்காகப் பரிமாறினால் அவர் குழம்பை மட்டும் தொட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அந்த வயதில் தசை தேயாமலிருக்கப் புரதம் மிகவும் தேவை, ஆகவே மெத்தென்ற பிராய்லரே அவருக்கு உதவும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்த எண்ணும் பொருந்தாது, அவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

கோழி ஈரல் வாங்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை சீக்கிரமே போய்விடுங்கள். ஒரு கோழிக்கு ஓர் ஈரல்தான், ஓட்டல்காரர்களும் அதற்கே வருவார்கள். பளபளப்பாக, ஈரப்பதத்தோடு, கருஞ்சிவப்பில் இருப்பதை எடுங்கள். பச்சை படிந்திருந்தால் பித்தப்பை உடைந்திருக்கிறது, கசக்கும், மாற்றித் தரச் சொல்லுங்கள்.